பன்னிரண்டு மாதக் குடித்தனக்காரர்

ஊட்டியில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் போதும், சீசன் இரண்டு மாதத்திலேயே ஆண்டு வருமானம் வந்துவிடும் என்ற பேச்சு கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நன்றாகப் புழங்குகிறது. கையில் கொஞ்சம் சேமிப்பும் வங்கிக் கடனுக்கு வழியும் உள்ளவர்கள் வாடகை வருமானம் என்று யோசிக்கத் தொடங்கியதும் மலை நினைவுக்கு வந்துவிடுகிறது. இந்த யோசனைக்கு இருநூறு வயது. நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் பங்களாக்களிலேயே இதன் விதை இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மலையில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களின் வரவையும் இழப்பையும் வரிசையாகப் பார்த்தால், பரவலான நம்பிக்கைக்கு நேர்மாறான ஒரு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. சீசன் இங்கே வீட்டின் விலையை ஏற்றியது, வீட்டுக்காரரைத் தாங்கவில்லை. தாங்கியவர்கள் மழையிலும் பனியிலும் பன்னிரண்டு மாதமும் மலையிலேயே இருந்த குடித்தனக்காரர்கள்.

கதை கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனிடம் தொடங்குகிறது. 1819-இல் மலையேறி வந்த அவர், 1822-இல் ஊட்டியில் ஒரு கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். மலை மக்கள் ‘கல் பங்களா’ என்று சொன்ன அந்த வீடுதான் ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. பிறகு அரசு அலுவலகமாகி, 1955 முதல் அரசு கலைக் கல்லூரியாக இருக்கிறது. மலையின் பழங்குடிகளான தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் சல்லிவன் நிலம் வாங்கினார் என்பது பதிவாகியுள்ள செய்தி. ஏரி வெட்டியவர், தோட்டம் போட்டவர், உருளைக்கிழங்கும் கோதுமையும் பயிரிட்டுப் பார்த்தவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதுவார்கள். மலை எதிர்காலத்தில் எப்படி மாறும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தில் இருந்தவரே அங்கு நிலம் வாங்கிய முதல் பெரிய உடைமையாளரும் ஆவார் என்பதை அவ்வளவு அழுத்தமாக யாரும் எழுதுவதில்லை. சாலை எங்கே வரும், ஆஸ்பத்திரி எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் முந்திக்கொண்டு நிலம் வாங்குவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

ஆனால் அதே சல்லிவன்தான் அந்த நிலம் தோடர்களுக்கே முழு உரிமை என்று அரசாங்கத்திடம் வாதாடியவரும். படகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். ‘கூடு’ என்ற அந்தத் தானியத்தை நிலத்துக்கான வாரமாகவே பார்க்க வேண்டும், ஆகவே நிலத்தின் சொந்தக்காரர் தோடரே என்பது அவர் கட்சி. 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன் இதை ஏற்கவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்ற பார்வைதான் பிறகு அரசின் நிலைப்பாடாகக் கெட்டிப்பட்டது. 1840-களில் ஊட்டி எழுந்து நின்ற நிலத்துக்கு ஈடாகத் தோடர்களுக்கு ஆண்டுக்கு 150 ரூபாய் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு நகரமே நிற்கும் மண்ணுக்கு அதுதான் கணக்கு. நீலகிரியில் வாடகைத் தொழில் லாபமாகத் தொடங்கியதற்கு வீடு கட்டியவர்களின் சாமர்த்தியத்தைவிட இந்த 150 ரூபாய்தான் பெரிய காரணம் என்பேன். முதல் ஏறக்குறைய சும்மா கிடைத்தால் எந்த வாடகையும் நல்ல வாடகைதான்.

நிலம் கிடைத்தது, வீடு எழுந்தது. குடியிருக்க வந்தது யார்? கோடையைக் கழிக்க வந்த உல்லாசிகள் என்று நினைத்தால் தவறு. 1820-களின் கடைசியில் ஊட்டி, நோயுற்ற படை அதிகாரிகள் உடம்பு தேறும் இடமாக அரசால் ஏற்கப்பட்டது. சமவெளிக் காய்ச்சலில் நொந்து போனவர்கள் மருத்துவ விடுப்பில் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அவர்களைத் தங்கவைக்க அரசு தனியார் பங்களாக்களை வாடகைக்கும் விலைக்கும் எடுத்தது. ஆக, மலையில் வீடு கட்டியவர்களின் முதல் பெரிய வாடிக்கையாளர் அரசுக் கஜானாதான். கம்பெனிப் படையிலிருந்து நோய் விடுப்பில் 1847-இல் வந்த ரிச்சர்ட் பர்ட்டன், 1851-இல் வெளியான நூலில் ஊட்டி வாழ்க்கையின் சலிப்பை நையாண்டி செய்திருக்கிறார். அவருக்கு அது சலிப்பு. வீட்டுக்காரர்களுக்கோ இப்படிப் போக்கிடமின்றி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நோயாளிதான் சோறு போட்டவர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் சர் வில்லியம் ரம்போல்ட். ஹைதராபாத்தில் பெயர் கெட்டுப்போன பாமர் கம்பெனியில் பங்காளியாக இருந்த இவர், 1831-32-இல் ஊட்டியில் பெரும் செலவில் ஒரு மாளிகை கட்டினார். மலையில் அதுவரை அப்படியொரு கட்டடம் இல்லை. 1833-இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு உடல்நலத்துக்காக மலைக்கு வந்து சில மாதம் தங்கியபோது அந்த மாளிகை அவருக்கு இருப்பிடமாயிற்று. மெக்காலே தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டு அவரைச் சந்திக்க வந்ததும் அப்போதுதான். இந்தியாவிலேயே பெரிய குடித்தனக்காரர் வந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் தரப்பு மகிழ்ந்திருக்கலாம். ஆனால் கவர்னர் ஜெனரல் வருவது ஒருமுறைதான். பிறகு சில காலம் ஹோட்டலாக நடந்து, 1840-களில் ஊட்டி கிளப்பின் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டடத்துக்கு நிலையான வாழ்வு கிடைத்தது. கிளப் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் விருந்தாளி, ஹோட்டல், நிறுவனம் என மூன்று வகைக் குடியும் வந்துபோனதால் இதைவிடத் தெளிவான சோதனை நமக்குக் கிடைக்காது.

சீசன் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் மதிப்பு 1870-க்குப் பிறகு வந்தது. ஆண்டுதோறும் சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்வதற்கு அந்த ஆண்டில் முறையான ஒப்புதல் கிடைத்தது. கவர்னர், அவருடைய ஆலோசனை சபை, செயலகம், கோப்புப் பெட்டிகள், எழுத்தர்கள், சமையற்காரர், குதிரைகள் என்று ஒரு படையே ஏப்ரல் வாக்கில் மலையேறி, அக்டோபர் வாக்கில் இறங்கும். மக்கள் வரிப்பணத்தில் மலைவாசம் எதற்கு என்று சென்னைப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. மலையில் வீடு வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திட்டு உறைக்கவில்லை. கவர்னர்களுக்கே ஊட்டியில் சொந்த மாளிகை இல்லாமல் வாடகை வீடு தேட வேண்டியிருந்த காலம் அது. 1875-இல் பதவிக்கு வந்த பக்கிங்ஹாம் கோமகன் ஒரு பெரிய இடத்தை அரசுக்கு வாங்கி, மாளிகை எழுப்பியதோடுதான் அந்த நிலை மாறியது. இன்றைய ஆளுநர் மாளிகை அதுவே.

அந்த ஆறு மாத வரவின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் நிறைந்து ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, வாடகையை இரட்டிப்பாக வைத்தால்தான் ஆண்டுக் கணக்கு சரிவரும். பூட்டிக் கிடக்கும் ஆறு மாதமும் செலவில்லாத மாதங்கள் அல்ல. தென்மேற்கு மழையின் கடைசியும், அக்டோபர் முதல் வரும் வடகிழக்கு மழையும், டிசம்பர் ஜனவரியின் உறைபனியும் ஆளில்லாத வீட்டின்மேல்தான் விழும். ஓடு நகர்ந்தால் பார்க்க ஆளில்லை. அடுப்பு எரியாத வீட்டில் பலகைத் தரை உளுத்துப் போகும், சுவர் பாசி பிடிக்கும், தகரம் துருவேறும். தோட்டக்காரருக்கும் காவற்காரருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நகராட்சி வரியும் நிற்காது. ஊட்டி, குன்னூர் இரண்டும் 1866-இலேயே நகராட்சிகளாகிவிட்டன. மலை வீட்டு வாடகை அநியாயம் என்று வெள்ளை அதிகாரிகள் புலம்பினார்கள் என்றால், அந்த அநியாயத்துக்குள் பாதி ஆண்டின் வெற்று வீட்டுச் செலவு ஒளிந்திருந்தது. இதைச் செய்து லாபம் பார்த்தவர்கள், நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிய முதல் தலைமுறைக்காரர்கள். அவர்களிடமிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கிய இரண்டாம் தலைமுறைக்கு அந்தக் கணக்கு அப்படி இனித்திருக்க முடியாது. மைசூர் மகாராஜா 1873-இல் ஃபெர்ன்ஹில்லை வாங்கியதுபோல் சமஸ்தானங்கள் வந்து வாங்கியபோது, விற்றுவிட்டுப் போனவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

கவர்னர் படை இறங்கிப் போன பிறகு ஊட்டியில் யார் மிஞ்சினார்கள் என்பது வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட அதிகம் வராத கேள்வி. 1901 கணக்கெடுப்பில் ஊட்டியில் 18,596 பேர். இதில் மிகப் பெரும்பாலோர் பங்களாவாசிகள் அல்ல. கடைத்தெருவில் அரிசி மண்டியும் துணிக்கடையும் வைத்திருந்தவர்கள், ஊட்டியின் காந்தல் பகுதியில் நெருக்கமான வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் குடித்தனம் செய்தவர்கள், தச்சர், கொத்தர், சலவைத் தொழிலாளர், வண்டிக்காரர், நகராட்சித் துப்புரவாளர். சமவெளியிலிருந்து பிழைக்க வந்து மலையிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் கன்னடக்காரர்களும் முஸ்லிம் வணிகர்களும்தான் இந்த ஊரின் நிரந்தரக் குடிகள். ஓர் அறைக்கு அவர்கள் கொடுத்த வாடகை சிறியது. ஆனால் கவர்னர் மலையேறினாலும் ஏறாவிட்டாலும் அது மாதாமாதம் வந்தது. பங்களாக்களின் பெயர்களையும் உரிமையாளர் வரிசையையும் விடாமல் எழுதிவைத்தவர்கள் இந்த வரிசை வீடுகளின் கணக்கை எழுதவில்லை. இருந்தாலும் சீசனுக்குக் கட்டிய பங்களாக்களில் பல ஹோட்டலாகவும் பள்ளியாகவும் அலுவலகமாகவும் மாறிவிட்டன, காந்தல் இன்றும் குடித்தனக்காரர்களின் ஊராகவே இருக்கிறது.

இதே வேறுபாட்டை ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலும் பார்க்கலாம். குன்னூரை அரசாங்கம் கோடைத் தலைநகராக்கவில்லை. அது குன்னூருக்கு நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் 1850-களில் வெலிங்டன் படைக் குடியிருப்பு உருவானது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் குன்னூர்வரை வந்தது. 1904-இல் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, 1907-இல் பாஸ்டர் நிலையம், தோட்ட முதலாளிகளின் உபாசி அமைப்பின் தலைமையகம், சுதந்திரத்துக்குப் பின் குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரி, 1963-இல் தேயிலை ஏல மையம் என்று குன்னூரைச் சுற்றி வந்தவை எல்லாமே ஆண்டு முழுதும் சம்பளம் கொடுப்பவை. தொழிற்சாலையும் ராணுவமும் தம் ஆட்களுக்குச் சொந்தக் குடியிருப்பு கட்டிக்கொடுத்தது உண்மை. அதற்கு வெளியே நின்ற எழுத்தர், ஒப்பந்தக்காரர், தரகர், ஆசிரியர், கடைக்காரர் எல்லோருக்கும் வாடகை வீடுதான். ஓய்வுபெற்ற அதிகாரிகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தங்கிவிட்டதும் இந்த நிரந்தர வாழ்க்கையை நம்பித்தான்.

மலையின் வாடகை வரலாற்றில் தேயிலைத் தோட்டத்தைச் சேர்க்காவிட்டால் கணக்கு பாதிதான். நீலகிரியில் உழைப்பாளிகள் குடியிருந்த மிகப் பெரிய வீட்டுத் தொகுதி தோட்டங்களின் லயன் வீடுகள். இவற்றுக்கு வாடகை இல்லை, சந்தையிலும் இவை இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. வாடகை வாங்காததால் அது இலவசம் என்று சொல்லிவிட முடியாது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாடகை கூலிக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கி 1976-இல் நிறுவனமான அரசுத் தேயிலைக் கழகம் டான்டீயிலும் இதே முறைதான். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்துவிட்டு ஓய்வுபெறும் நாளில், அடுத்து எங்கே போவது என்று நிற்கும் குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இன்றும் உண்டு. நீலகிரியில் வீடு வாடகைக்கு விட வருகிறவர் சுற்றுலாப் பயணியை மட்டுமே எண்ணி வரும்போது, கூரை தேடி நிற்கும் இவர்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. இவர்களால் அதிகம் கொடுக்க முடியாது என்பது சரி. ஆனால் தேவை எங்கே இருக்கிறது, கட்டடம் எங்கே எழுகிறது என்ற இரண்டுக்கும் இந்த மலையில் சம்பந்தமே இல்லாமல் போனது இங்கிருந்துதான்.

கூடலூர்ப் பக்கம் குத்தகை வேறு விதமாக விளையாடியது. அங்கே நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து காப்பியும் தேயிலையும் போட்டார்கள் தோட்டக்காரர்கள். 1969-இல் கூடலூர் ஜென்ம நிலங்களை ஒழித்து, அரசிடம் நேரடியாக நிலவரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் வந்தது. சுமார் 80,000 ஏக்கர் அதன் வரம்புக்குள் வந்தது. தோட்டங்கள் நீதிமன்றம் போயின. நீதிமன்றங்கள் கைவைக்காதிருக்க, சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைக்கப்பட்டது. அதை ஒட்டி எழுந்த கோயலோ வழக்கில்தான், ஒன்பதாம் அட்டவணைச் சட்டங்களும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டவையே என்று 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்தியா முழுவதுக்கும் பொருந்தும் தீர்ப்பு கூடலூர் மண்ணிலிருந்து கிளம்பியது பெருமைதான். அந்த மண்ணில் குடியிருப்போருக்கு அதனால் பட்டா கிடைத்துவிடவில்லை. 1969 சட்டத்தின் பெயரால் ‘பிரிவு 17 நிலம்’ என்று அங்கே சொன்னால் பட்டாவும் மின் இணைப்பும் வம்பான நிலம் என்று பொருள். சொந்தம் யாருடையது என்பது தீராத இடத்தில் வாடகை எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவது வீண் வேலை. தோடர்களுக்கு 150 ரூபாய் கொடுத்து முடித்ததாக நினைத்த அதே கேள்விதான், மலையின் மறுபக்கத்தில் வேறு வடிவில் இன்னும் உயிரோடிருக்கிறது.

சுதந்திரம் வந்தபோது அரசாங்கத்தின் கோடைப் பயணமும் முடிந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பங்களாக்களை ஆலை அதிபர்களும் வணிகர்களும் திருச்சபைகளும் பள்ளிகளும் வாங்கின. இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது சீசனின் நீளம். கோப்புப் பெட்டியோடு வந்த அரசாங்கம் ஆறு மாதம் தங்கியது. 1908-இல் ரயில் ஊட்டிவரை வந்து, பிறகு பேருந்தும் காரும் வந்ததும் குடும்பங்கள் சில வாரம் தங்கின. இப்போது வெள்ளி இரவு ஏறி ஞாயிறு மாலை இறங்குகிறார்கள். வழி எளிதாக எளிதாக, வருகிறவர் எண்ணிக்கை கூடி, தங்கும் காலம் சுருங்கியது. வீட்டை மாதக்கணக்கில் எடுப்பவர் போய், அறையை இரவுக்கணக்கில் எடுப்பவர் வந்தார். இரவுக்கணக்கில் விடுவது வீட்டு வாடகைத் தொழிலே அல்ல, அது விடுதித் தொழில். படுக்கை விரிப்பு மாற்ற ஆள், சமைக்க ஆள், விளம்பரம், உரிமம், தீயணைப்புச் சான்று என்று வேலையும் வேறு, வரியும் வேறு. காட்டேஜ் வாங்கிப் போட்டுச் சும்மா இருந்து வாடகை வாங்கலாம் என்று நினைத்து வருகிறவர், தெரியாமலே ஹோட்டல்காரராகிவிடுகிறார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். பழைய கதையில் கவர்னரும் நூறு குடும்பங்களும் வந்தார்கள். இன்று ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஏப்ரல்-மே சீசன், செப்டம்பர்-அக்டோபரில் இரண்டாம் சீசன், இடையில் எல்லா வாரக் கடைசியும் கூட்டம், பிறகென்ன என்பார்கள். கூட்டம் உண்மை. ஆனால் கூட்டத்தின் குழாயைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு கை எப்போதும் வேறெங்கோ இருக்கிறது என்பதும் உண்மை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் மலர்க் கண்காட்சியே நடக்கவில்லை, சீசன் அப்படியே போயிற்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவையாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் விடுதி கட்டியவர்கள் கதை இன்னும் கடுமையானது. 2010-இல் அறிவிக்கப்பட்ட வழித்தடத்தை 2011-இல் உயர் நீதிமன்றம் ஏற்றது, 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தை உறுதி செய்தது. இவற்றில் எதையும் தவறென்று நான் சொல்லவில்லை. யானைக்கு வழி வேண்டும், மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சுற்றுலாவை நம்பிய வாடகை, சென்னை அரசாங்கத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பிய வாடகையைப் போலவே பிறர் கையொப்பத்தில் தொங்குகிறது என்பதுதான் விஷயம்.

இரண்டாவது மறுப்பு வீட்டுக்காரர்களின் வாயிலிருந்தே வரும். நிரந்தரக் குடித்தனக்காரரை வைத்தால் காலி செய்ய மாட்டார், வாடகையும் ஏற்ற முடியாது என்பார்கள். இந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்பது, கட்டடமும் நிலமும் சேர்ந்த மொத்த மதிப்பில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. காலி செய்யச் சொல்லும் வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்தன. பழைய வாடகையிலேயே உட்கார்ந்துகொண்ட குடியிருப்போரும் உண்டு, பழுது பார்க்காமல் வீட்டை இடியவிட்டு ஆளை விரட்டப் பார்த்த வீட்டுக்காரர்களும் உண்டு. நகராட்சியே வாடகைதாரரோடு மல்லுக்கட்டிய ஊர் ஊட்டி. 2021 ஆகஸ்டில் வாடகை பாக்கிக்காக மார்க்கெட்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அதாவது 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், பழையதை நீக்கிவிட்டது. வாடகை இருவரும் ஒப்பிய தொகைதான். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாய்ப்பேச்சிலும் போகியப் பணத்திலும் ஓடிய பழக்கத்தை விட்டு எழுதிப் பதிவு செய்துகொண்டால், பழைய பயத்தில் பெரும்பகுதிக்கு இடமில்லை.

என் வாதத்துக்கு உண்மையிலேயே கடினமான மறுப்பு வேறு. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141, 2011-இல் 7,35,394. தமிழ்நாடே வளர்ந்த பத்தாண்டில் இந்த மாவட்டம் சுருங்கியது. பச்சைத் தேயிலை விலை விழுந்ததும், ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிந்து மூடியதும் குடும்பங்களைத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறக்கிவிட்டன. நிரந்தரக் குடிதான் தாங்குவார் என்றால், அந்தக் குடியே குறையும்போது என்ன செய்வது? இதற்கு மழுப்பலான பதில் சொல்ல மாட்டேன். வாடகைக்கென்றே வீடு வாங்கிக் குவிக்க நீலகிரியில் அவ்வளவு இடம் இல்லை. இருக்கும் இடம் குறுகியது, அது நிறுவனங்களைச் சுற்றியது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2021-22 கல்வியாண்டில் தொடங்கி, அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. செவிலியர், ஆய்வகப் பணியாளர், மாணவரின் பெற்றோர், தொலைவிலிருந்து வரும் நோயாளியின் உறவினர் என்று அதைச் சுற்றி உருவாகும் தேவைக்கு சீசன் கிடையாது. நோயாளிகளை நம்பித் தொடங்கிய வாடகைத் தொழில் இருநூறு ஆண்டு கழித்து மறுபடி ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறது.

வாடகை வராவிட்டால் போகட்டும், நிலத்தின் விலை ஏறுமே என்பார்கள் சிலர். ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் தேவை மட்டும் அல்ல, தடை. 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், 1993-இல் நீலகிரிக்கான மாஸ்டர் பிளான், ஏழு மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்ற விதி எல்லாம் சேர்ந்து புதிய கட்டடத்தைச் சுருக்கிவிட்டன. ஏற்கெனவே நல்ல பத்திரமும் அனுமதியும் உள்ள வீடு அதனால் அரிதாயிற்று. ஆகவே விலையேற்றம் பழைய சொந்தக்காரரின் லாபம், இன்று வாங்குகிறவரின் சுமை. விதிகள் காரணமில்லாமல் வந்தவையும் அல்ல. 1978, 1979, 1993 என்று மலை சரிந்துகொண்டே இருந்தது. 2009 நவம்பரில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நீரோடையை மறித்தும் சரிவை வெட்டியும் கட்டிய வீட்டுக்கு எந்த வாடகையும் ஈடு கட்டாது.

ஆகவே நீலகிரியில் வாடகைக்கு விட வீடு வாங்க நினைத்தால், தரகரிடம் சீசன் வாடகை எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, ஆடி மாத மழையில் அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் கட்டட அனுமதியையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், பிரிவு 17 நிலமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தத் தெருவில் பன்னிரண்டு மாதமும் குடியிருக்க ஆள் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வீட்டை வாங்க வேண்டாம்.